பள்ளி முடித்த பிள்ளையும் முதல் வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார் உதிரிபாகங்கள் கடையும் ஒரு மெஷின் ஷாப்பில் தரப் பிரிவில் இருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அளவு பார்க்கக் கற்றுத் தருவதும் என் வேலைதான். ரிசல்ட் வரும் மாதங்களில் உறவுக்காரர்கள், பக்கத்து வீட்டார், பிள்ளைகள், அவ்வப்போது ஆசிரியர்கள், சின்னக் கம்பெனி முதலாளிகள் என்று பலரும் என்னிடம் கேட்பது சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான். அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிளஸ் டூ முடிச்ச பசங்க வேலைக்குத் தயாரா இருக்காங்களா இல்லையா? பட்டுனு சொல்லுங்க.

பாதி தயார். புத்தியிலோ உழைப்பிலோ குறை இல்லை. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்வது, செய்த தப்பை உடனே வந்து சொல்வது, சம்பளச் சீட்டைப் படிப்பது, ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் நிற்பது, இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தராதவை. சொல்லித்தர ஓர் ஆள் இருந்தால் மூன்று நான்கு மாதத்தில் இத்தனையும் வந்துவிடும், நான் கண்ணால் பார்க்கிறேன். ஆள் இல்லையென்றால் வராது, அப்புறம் பழி மட்டும் பிள்ளை மேல் விழும். அதனால் மீதிப் பாதி வேலை கொடுக்கிறவர் கையில் இருக்கிறது என்பது என் கருத்து.

இப்ப எல்லாருந்தான் காலேஜ் போறாங்க. இதைப் பத்தி இவ்வளவு கவலைப்படணுமா?

எல்லோரும் போகவில்லை. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4 என்பதால் நாம் பெருமைப்படலாம், சரி. ஆனால் 18 முதல் 23 வயதுக்காரர்களில் பாதிக்கு மேல் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனி, ஜவுளிக்கடை, ஓசூரிலும் ஒரகடத்திலும் அசெம்பிளி லைன், டெலிவரி வண்டி என்று அவர்கள் எங்கோ வேலைக்குச் சேர்ந்துகொண்டேதான் இருக்கிறார்கள். டிகிரி முடித்து வருகிற பலருக்கும் மூன்று வருடம் கழித்து இதே முதல் மாதத் திணறல்தான்.

நல்லா மார்க் வாங்கின பையன், வேலைக்குப் போனா மட்டும் ஏன் முழிக்கிறான்?

என் மேசையில் நடப்பதையே சொல்கிறேன். இயற்பியல் செய்முறையில் திருகு அளவியைப் பிடித்துப் பழகின பிள்ளை வருகிறான். இங்கே அதே கருவியை மைக்ரோமீட்டர் என்போம், மீச்சிற்றளவும், அதாவது அதில் படிக்க முடிந்த மிகச் சின்ன அளவும், அதே 0.01 மில்லிமீட்டர்தான். சுழிப்பிழை என்றால் என்ன என்று கேட்டால் மனப்பாடமாகச் சொல்கிறான். சரி, இந்தப் பத்து ஷாஃப்ட்டையும் அளந்து சீட்டில் எழுதப்பா, டிராயிங்கில் 25 மில்லிமீட்டர் கூட்டல் கழித்தல் 0.02, அதாவது 24.98 முதல் 25.02 வரை போகலாம் என்று போட்டிருக்கிறது என்று கொடுத்தால், பத்துக்கும் 25.00 என்று எழுதிக்கொண்டு வருகிறான். திரும்ப நான் அளந்தால் 25.00, 25.00, 25.01, 25.01, 25.02 என்று ஏறிக்கொண்டே போகிறது.

அந்த ஏற்றந்தான் எங்களுக்கு வேண்டிய செய்தி. கடைகிற இன்சர்ட், அதாவது வெட்டும் முனை, தேயத் தேய வெளிவிட்டம் கொஞ்சங்கொஞ்சமாகக் கூடும். சீட்டைப் பார்த்ததும் ஆபரேட்டர் மெஷினில் ஆஃப்செட் (தேய்ந்த அளவுக்கு முனையை நகர்த்தும் திருத்தம்) கொடுத்துச் சரிசெய்துவிடுவார். பத்தும் 25.00 என்று இருந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த பெட்டி முழுக்க ரிஜெக்ட். பையன் ஏமாற்றவில்லை, சோம்பேறித்தனமும் படவில்லை. பன்னிரண்டு வருடமாக 'சரியான விடை' எழுதினால்தான் மார்க் என்று பழகியவன், 25 தான் சரியான விடை என்று நினைத்து எழுதிவிட்டான். பள்ளிக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கிற பெரிய பள்ளம் இதுதான் என்று நான் நம்புகிறேன். கீழே பல பதில்களில் இதைத் திரும்பத் தொடுவேன்.

'நான் முதல்வன்' எல்லாம் இருக்கே, அது போதாதா?

2022 மார்ச்சில் தொடங்கிய திட்டம், நல்ல திட்டம். என்னென்ன படிப்பு இருக்கிறது, எங்கே சேரலாம் என்று அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போது ஓரளவு தெரிகிறது. எங்கும் சேராமல் நின்றுபோனவர்களைத் தேடிப் பிடிக்க 'உயர்வுக்குப் படி' முகாமும் நடத்துகிறார்கள், உங்கள் ஊரில் நடந்தால் பிள்ளையைக் கையோடு கூட்டிப் போங்கள். ஆனால் வழி காட்டுவது வேறு, முதல் மாதம் கூட நிற்பது வேறு. இரண்டாவதை எந்தத் திட்டமும் செய்ய முடியாது, வேலை செய்யும் இடத்தில் ஒரு மனுசன்தான் செய்ய முடியும்.

ஐடிஐ சேர்க்கட்டுமா, அப்ரண்டிஸ் அனுப்பட்டுமா, இல்ல நேரா வேலைக்கே விட்டுடட்டுமா?

வீட்டில் ஒன்றிரண்டு வருடம் தாங்க முடியும் என்றால் ஐடிஐ. நான் யாருக்கும் முதலில் இதைத்தான் சொல்வது. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன் இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு, பெண்ணென்றால் புதுமைப் பெண், பையனென்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், அது கல்லூரிக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஐடிஐக்கும் உண்டு. 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து ரோபோ, சிஎன்சி என்று புதுப்பித்திருக்கிறார்கள். சேரும் முன் நீங்களே ஒரு நடை போய் மெஷின் ஓடுகிறதா, உறை போட்டு மூடி வைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்ரண்டிஸ் என்பது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு, அரசுத் தளத்தில் பதிந்து பழகுவது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 2019-ல் திருத்திய விதியில் படிப்புக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 வரை குறைந்தபட்ச உதவித்தொகை வைத்தார்கள். முடிவில் தேர்வெழுதினால் தேசியச் சான்றிதழ். ரயில்வேயில் பழகி முடித்தவர்களுக்கு அங்கே கடைநிலைப் பணி நியமனத்தில் 20 சதவீத இடம் ஒதுக்கீடு உண்டு, சென்னை ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) அறிவிப்பு வரும்போது விட்டுவிடாதீர்கள். ஒரு எச்சரிக்கை: 'டிரெய்னி' என்று வாயால் சொல்லி எடுப்பதெல்லாம் அப்ரண்டிஸ் ஆகாது. ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா, எண் என்ன என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அது குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பது, அவ்வளவுதான்.

நேரே வேலை என்பது வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய கட்டாயம் இருந்தால். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சேரும்போதே அடுத்த வருடம் என்ன கற்றிருப்பான் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

பையனுக்குப் பதினேழு தாங்க ஆகுது. ஒரு கம்பெனியிலயும் எடுக்க மாட்டேங்கிறாங்க. ஆதார்ல வயசை மாத்தலாமா?

மாற்றவே கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது என்பது 2016-ல் திருத்திய சட்டம், அதனால்தான் பெரும்பாலான தொழிற்சாலைகள் 18 முடியாமல் உள்ளே விடுவதில்லை. பிரஸ் மெஷினில் கை போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வயதை மாற்றிச் சேர்ந்திருந்தால் விபத்து நடக்கும் நாளில் இழப்பீடும் சிக்கலாகும், பிள்ளை தான் பொய் சொன்னதாகிவிடும். அந்த ஒரு வருடத்துக்குத்தான் மேலே சொன்ன ஐடிஐ. ஆபத்தில்லாத தொழில்களில் அப்ரண்டிஸாக 18-க்கு முன்பே சேரவும் சட்டம் இடம் தருகிறது.

பதினாலாயிரம் சம்பளம்னாங்க, அக்கவுண்ட்டுல பன்னெண்டாயிரத்துச் சொச்சந்தான் விழுந்திருக்கு. ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. கணக்கைப் பாருங்கள். மொத்தம் 14,000, அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,000 என்றால், அந்தப் பத்தில் 12 சதவீதம் பி.எஃப். 1,200 ரூபாய். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், அது 105 ரூபாய். கையில் வருவது 12,695. அந்த 1,200-க்குச் சமமாகக் கம்பெனியும் தன் பங்கு கட்டுகிறது, இ.எஸ்.ஐ.க்கு அவர்கள் 3.25 சதவீதம் கட்டுகிறார்கள். மாதம் 21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, அம்மா அப்பா நம்மைச் சார்ந்து இருந்தால் அவர்களுக்கும் வைத்தியம் பார்க்கலாம். இது தெரியாமல் அந்த 105 ரூபாயைத் தண்டம் என்று திட்டிக்கொண்டே தனியார் ஆஸ்பத்திரியில் கடன் வாங்கிக் கட்டிய குடும்பங்கள் உண்டு, கேட்கவே வயிறு எரியும்.

ஏமாற்றுகிற இடங்களும் இருக்கின்றன: சீட்டில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவார்கள். அரசின் உமங் செயலியில் உங்கள் பி.எஃப். எண்ணான யு.ஏ.என்.-ஐப் போட்டு மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். கம்பெனி மாறினாலும் அதே எண்தான், புதிது வாங்க வேண்டாம். வேலையை விட்ட கையோடு பி.எஃப். பணத்தை எடுத்து போன் வாங்குவதும் வேண்டாம், பத்து வருடச் சேவை சேர்ந்தால்தான் ஓய்வூதியம். நியமனக் கடிதம் கேட்டு வாங்குங்கள், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அது கட்டாயம்.

சேர்றதுக்கு முன்னாடி டெபாசிட் கட்டச் சொல்றாங்க, ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் கேக்கறாங்க. குடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். ஒரிஜினலைக் காட்டிவிட்டு அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், நகல் மட்டும் கொடுங்கள். வேலைக்குப் பணம் கேட்கிறவன் வேலை தருகிறவன் இல்லை. வெளிநாடு என்றால் இன்னும் கவனம், அரசிடம் பதிவு பெற்ற முகவரா என்று பார்க்காமல் டூரிஸ்ட் விசாவில் ஏற்றி அனுப்பாதீர்கள். டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பி மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கும்பல்களிடம் மாட்டிய தமிழ் இளைஞர்களை அரசு மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இங்கிலீஷ் வராதுங்க, அதான் பயம்.

ஷாப் ஃப்ளோரில் பேசுவது தமிழும் கொஞ்சம் இந்தியும். ஆங்கிலம் வேண்டியது படிக்க: டிராயிங், வேலைமுறைச் சீட்டு, மெஷின் திரையில் வரும் அலாரம். மொத்தம் ஒரு முந்நூறு சொற்கள் இருக்கும். சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொண்டவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். மற்றபடி பயந்து ஒதுங்க வேண்டிய விஷயம் இல்லை.

பொண்ணை ஓசூர், ஸ்ரீபெரும்புதூர்னு ஹாஸ்டல்ல தங்கி வேலை பார்க்க அனுப்பலாமா?

அனுப்பலாம். நாட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள், ஊரார் பேச்சுக்குப் பயந்து வீட்டில் வைத்தால் நஷ்டம் பெண்ணுக்குத்தான். ஆனால் பார்த்து அனுப்புங்கள். விடுதி மாவட்ட நிர்வாகத்திடம் பதிவு பெற்றதா, ஓர் அறையில் எத்தனை பேர், சாப்பாடு எப்படி, போன் வைத்துக்கொள்ளலாமா, லீவு நாளில் வெளியே விடுவார்களா? முடிந்தால் அங்கே இருக்கும் ஒரு பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள், வார்டன் பக்கத்தில் இல்லாதபோது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் யார் யார் என்று பெண்ணுக்குத் தெரிந்திருக்கட்டும், 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் மனப்பாடமாக இருக்கட்டும்.

மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் அந்தப் பேச்சை நம்பிப் போன எத்தனையோ பெண்கள் கடைசி மாதங்களில் உடம்பு முடியாமல் வெளியே வந்து தொகையும் கிடைக்காமல் நின்றார்கள். சம்பளம் மாதாமாதம் பெண்ணின் சொந்தக் கணக்கில் விழ வேண்டும், வேறு பேச்சே வேண்டாம்.

பத்தே நாள்ல வேலையை உட்டுட்டு வந்துட்டானுங்க. இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே இல்லை, சரிதானே?

திட்டுவதற்கு முன் என்ன நடந்தது என்று கேளுங்கள். முதல் வாரம் கால் வீங்கும். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் பகலில் தூக்கம் வராது. மெஷின் சத்தத்தில் சூப்பர்வைசர் கத்தித்தான் பேசுவார், அது திட்டு இல்லை என்று புரியவே பிள்ளைக்கு ஒரு மாதம் ஆகும். இதோடு சாப்பாடு, வீட்டு நினைப்பு. ஒருத்தரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத இடத்தில் பத்து நாள் இருந்து பார்த்தால் பெரியவர்களுக்கும் ஓடத்தான் தோன்றும்.

என் அனுபவத்தில் முதல் மூன்று வாரத்தைத் தாண்டியவன் பெரும்பாலும் நின்றுவிடுகிறான். அதனால் வீட்டில் ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு மாதம் பார், முடியவில்லையென்றால் வா, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம். ஆனால் அடி, கெட்ட வார்த்தை, சம்பளப் பாக்கி, பாதுகாப்பு மூடி இல்லாத மெஷின், இதில் ஏதாவது என்றால் ஒரு மாதம் கூட வேண்டாம், அன்றைக்கே கிளம்பி வரட்டும்.

வேலைக்குப் போகாம குரூப் ஃபோர் படிக்கிறேன்னு உக்காந்திருக்கான். விடலாமா?

இந்த அரசு வேலைத் தேர்வுக்கு 2024-ல் முதலில் அறிவித்தது 6,244 இடம், விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இந்தக் கணக்கை அவனோடு உட்கார்ந்து பேசுங்கள், கோபப்படாமல். படிக்கட்டும், தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் வராவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள், அதனால் அதில் கெட்டியாகட்டும். ஆனால் ஒரு வேலையில் இருந்துகொண்டோ ஐடிஐயில் இருந்துகொண்டோ படிக்கட்டும். அறையைப் பூட்டிக்கொண்டு நான்கைந்து வருடம் போய், இருபத்து மூன்றில் முதல் வேலை தேடி வருகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. கூடப் படித்தவன் அதற்குள் ஆபரேட்டர் ஆகியிருப்பான்.

(சின்னக் கம்பெனி முதலாளி ஒருவர்) மூணு மாசம் சொல்லிக் குடுத்தா, ஐந்நூறு ரூபா கூடக் கிடைக்குதுன்னு பக்கத்துக் கம்பெனிக்குப் போயிடறான். நான் எதுக்குங்க சொல்லிக் குடுக்கணும்?

நீங்கள் அப்படி நினைத்தால் பக்கத்துக் கம்பெனியும் அப்படித்தான் நினைக்கும், அப்புறம் இந்த ஊரில் தொழில் தெரிந்த ஆள் எங்கிருந்து வருவான்? உங்களிடம் இன்று இருக்கும் நல்ல டர்னரையும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் பொறுமையாக நின்று பழக்கியிருக்கிறார். ஐந்நூறுக்காகப் போகிறவன் குறைவு. ஆறு மாதம் கழித்தும் பெட்டி தூக்கிக்கொண்டேதான் இருப்போம் என்று தெரிந்து போகிறவன்தான் அதிகம். ஆறாம் மாதம் அளவு பார்ப்பாய், ஒரு வருடத்தில் செட்டிங் (மெஷினை வேலைக்குத் தயார்செய்வது) கற்பாய், அப்போது சம்பளம் இவ்வளவு என்று தேதி போட்டுச் சொல்லி, அந்தத் தேதியில் செய்யுங்கள். செலவுதான் பிரச்சினை என்றால் அப்ரண்டிஸ் பதிவு செய்யுங்கள், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது.

(ஒரு பள்ளி ஆசிரியை) நாங்க சிலபஸை முடிக்கவே நேரம் போதலை. இதுல நாங்க என்னதான் செய்ய முடியும்?

புதுப் பாடம் எதுவும் வேண்டாம் டீச்சர். செய்முறை வகுப்பில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றுங்கள். ஊசல் பரிசோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு அளவுகளை எழுதும் வழக்கம் உங்களுக்கே தெரியும். 9.4 வந்த பிள்ளை 9.4 என்றே எழுதட்டும், ஏன் குறைந்தது என்று இரண்டு வரி எழுதட்டும், அதற்கு முழு மார்க் கொடுங்கள். மேலே சொன்ன 25.00 பையனுக்கு இது கிடைத்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். இன்னொன்று, சம்பளச் சீட்டு ஒன்றைக் கரும்பலகையில் எழுதிச் சதவீதக் கணக்கு நடத்துங்கள், ஒரு பீரியட் போதும்.

அண்ணா, சூப்பர்வைசரே 'அளவை மாத்தி எழுது, லோடு போகணும்'னு சொன்னா நான் என்ன பண்றது?

இது வேலைக்குச் சேர்ந்து சில மாதம் ஆன பிள்ளைகள் தயங்கித் தயங்கிக் கேட்பது. கேட்கிறானே என்று மனதுக்குள் சந்தோஷப்படுவேன். சீட்டில் நீ பார்த்த அளவைத்தான் எழுத வேண்டும், கீழே கையெழுத்து உன்னுடையது. 'அண்ணா, 25.04 காட்டுது, நீங்க ஒரு தடவை பாருங்க' என்று மைக்ரோமீட்டரை அவர் கையில் கொடு. அனுப்பலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கோ தர மேலாளருக்கோ இருக்கலாம், கஸ்டமர் ஒப்புதலோடு அளவு தவறிய சரக்கை ஏற்றுக்கொள்ளும் முறையும் உண்டு. அப்படியென்றால் அவர் பெயரில், அவர் கையெழுத்தில் போகட்டும்.

அவர் கோபப்படலாம், நாலு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம். பத்தொன்பது வயதில் அதைத் தாங்குவது கஷ்டம் என்று தெரியும், வேலை போய்விடுமோ என்ற பயமும் நியாயமானதுதான். அதனால் தனியாகச் சண்டைக்கு நிற்காதே, தரப் பிரிவில் யாரிடமாவது வந்து சொல். அதற்குத்தான் எங்களை வைத்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப இதேதான் நடக்கிற இடமென்றால் வேறு இடம் பார்த்துக்கொண்டு கிளம்பு, அங்கே தொழில் கற்க முடியாது.

வேலைக்குப் போயிட்டா படிப்பு அவ்வளவுதானா?

இல்லை. ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருடம் சேரலாம், டிப்ளமா முடித்தவர் பி.இ.யில் இரண்டாம் வருடம் சேரலாம். வேலையில் இருந்துகொண்டே டிப்ளமா படிக்க மாலை நேரப் பாலிடெக்னிக் வகுப்புகள் உண்டு, கோவையிலேயே அரசு தொழில்நுட்பக் கல்லூரி பகுதிநேர பி.இ. நடத்தியிருக்கிறது. பி.காம்., பி.ஏ. போதும் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஷிஃப்ட் மாறி மாறி வருகிற இடத்தில் மாலை வகுப்பு ஓடாது, அதனால் சேரும் முன் ஜெனரல் ஷிஃப்ட் கிடைக்குமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். டி.சி., மார்க்‌ஷீட் எதையும் லேமினேட் செய்ய வேண்டாம், சரிபார்ப்புக்குக் கொண்டு போகும்போது சிக்கல் வரும். பிளாஸ்டிக் கவரில் போட்டு, டிஜிலாக்கரிலும் ஏற்றி வைத்துவிடுங்கள்.